கிளம்புமுன் வந்து நின்ற ஏழரை

ஒத்தப்பனை பைபாஸில் ஏழரை என்கிற கறுப்பு கான்டெசா கார், பந்தயத்துக்குக் கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் இடையில் இதைக் கேட்டால் கண்ணை விரித்துக்கொண்டு எப்படி எப்படி என்று துளைத்தே பாதிக் கதையைக் கெடுத்துவிடுகிறார்கள். எப்படி என்று எங்களுக்குத் தெரியாது. கரண்ட் எப்படி வருகிறது என்றும்தான் தெரியாது, ஆனாலும் மாவு அரைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மேம்பாலம் கட்டப் பணமில்லாமல் பாதியில் விட்டுவிட்டுப் போன அகலச் சாலை அது. ஒரு முனையில் ஒற்றைப் பனைமரமும் பட்டறை வீதியும், மறுமுனையில் ஓடைமேல் ஒரு கல்பாலமும், நடுவே ஆடு மேய்வதைத் தவிர வேறு போக்குவரத்து இல்லாத கால் மைல் தார்ச்சாலையும் கிடந்தால், எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா, ஞாயிற்றுக்கிழமை காலையானால் வண்டிகளைக் கொண்டுவந்து ஜோடி ஜோடியாக விரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் பெரிய ஆள் தனபால். அவன் ஓட்டுவான், அவன் மனைவி வசந்தாமணி என்ஜின் கட்டுவாள். துறைமுகத்தில் உடைத்த ஏதோ ஒரு படகிலிருந்து எட்டு சிலிண்டர் பெரிய என்ஜின் ஒன்றை லாரியில் போட்டுக்கொண்டு வந்து, கான்டெசாவின் முன்பக்கத்தை வெட்டி அகலப்படுத்தி, இரண்டு பேருமாக அதற்குள் இறக்கினார்கள். ஏழரை லிட்டர் என்ஜின் என்றாள் வசந்தாமணி. ஏழரையை யாராவது தானாகப் போய் வீட்டுக்குக் கூட்டிவருவார்களா என்று வீதியே சிரித்தது, பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது.

நடப்பது இவ்வளவுதான். வசந்தாமணி என்ஜினில் புதிதாக எதையாவது மாட்டி, மூடி, முறுக்கி, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டுவாள். கற்பூரம் எரிந்து முடிவதற்குள் கல்பாலத்தருகே அதே ஏழரை வந்து நிற்கும், சக்கரத்தில் ரப்பர் நாற்றம் போகாமல், பானட் கொதிக்கக் கொதிக்க, உள்ளே ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்தபடி தனபால் உட்கார்ந்திருப்பான். பட்டறையில் இன்னொரு ஏழரை நிற்கும், இன்னொரு தனபால் அதன்மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான். பாலத்தில் இருப்பவனுக்குக் கண்ணாடியைத் தட்டினாலும் கேட்காது, கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். பந்தயம் முடியும்போது அவன் எப்படி இருப்பானோ அப்படியே இருப்பான், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நிஜமாக ஓடி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் இரண்டு வண்டியும் ஒன்றாகிவிடும், தனபால் கதவைத் திறந்துகொண்டு இறங்குவான்.

முதல் தடவை பார்த்துப் பயந்தோம், இரண்டாம் தடவை கூட்டம் கூடினோம், மூன்றாம் தடவை நான் அப்பளக் கூடையை எடுத்துக்கொண்டு போனேன். நான் அப்பளம் இட்டு விற்கிறவள். ஐப்பசி மழையில் அப்பளம் காயாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், இங்கே பந்தயம் வரைக்கும் சூடு ஆறாத ஒரு பானட் சும்மா நிற்கிறது, துணியை விரித்துக் காயப்போட்டேன், முறுமுறுவென்று காய்ந்தது. பிறகு வடகக்காரி வந்தாள், மிளகாய்க்காரி வந்தாள், எனக்கும் மிளகாய்க்காரிக்கும் சண்டை வந்தது, பானட்டை நடுவில் சாக்கட்டிக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டோம். டீக்கடை சுப்பையன் கடையைப் பனைமரத்தடியிலிருந்து பாலத்தடிக்கு மாற்றினான். ஏட்டையா ஒருநாள் வந்து, சாலையில் தடையாக நிறுத்தியதற்கு அபராதச் சீட்டு எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். அந்த வண்டி இன்னும் இங்கே வரவே இல்லையே ஐயா என்று தனபால் பட்டறையிலிருந்து வந்து கைகட்டி நின்றான். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பந்தயம் கட்டுகிறவர்களுக்குத்தான் பிழைப்பு போயிற்று. தனபால் ஜெயித்தால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருப்பான், தோற்றால் வண்டியின் கூரையைப் பார்ப்பான், இது எங்கள் வீதியில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமையே பாலத்துக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யார் பந்தயம் கட்டுவார்கள்? அப்படியும் முடிவு தெரிந்த பந்தயத்தைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகமாக வந்தது. தெரிந்தது நடக்கிறதா என்று பார்ப்பதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

எங்கள் பட்டறை வீதிக்கு ஒரு வழக்கம் உண்டு. கற்பூரம் காட்டிய மோட்டாரை ஓட்டாமல் திறக்கக் கூடாது. பம்ப் மோட்டாரோ, லேத் மெஷினோ, கார் என்ஜினோ, எதுவானாலும் காட்டியது காட்டியதுதான். தப்பாக மாட்டியிருந்தால்கூட ஒருதரம் ஓட்டிவிட்டுத்தான் பிரிப்பார்கள். ஒருமுறை மழையில் பந்தயம் தள்ளிப்போனபோது பாலத்தில் ஏழரை நனைந்தபடி நின்றது, இங்கே தனபாலுக்குப் பசியும் இல்லை, தூக்கமும் இல்லை, தட்டில் போட்டதை விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மழை விட்டு ஓடிச் சேர்ந்த பிறகுதான் மனுஷனாகச் சோறு கேட்டான். அப்போதும் என்ஜினைத் திறந்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அந்த வழக்கம் எங்களுக்கு அப்படி ஊறியிருந்தது.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பொள்ளாச்சியிலிருந்து ஜெயசீலன் வருகிற வரைக்கும். தேங்காய் மண்டிக்காரர். நீலக் கலரில் ஒரு வண்டி வைத்திருந்தார், அது ஓடினால் சத்தம்கூடப் பின்னால்தான் வரும். சட்டை கசங்காத, குரல் உயராத ஆள். பட்டறைக்கு வந்து பெஞ்சியில் உட்கார்ந்து வசந்தாமணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்கண்ணா, நாம சிநேகிதமாவே ஓட்டிப் பாத்துக்கலாங்க. தோத்தவிய அங்கயே என்ஜினைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிரலாங்க. வராம இருந்தாலும் தோத்த கணக்குத்தானுங்க. மோர் ரொம்ப நல்லாருக்குதுங்க அம்மிணி."

தனபால் சரி என்று சொல்லிவிட்டான். வசந்தாமணி அடுப்பங்கரையிலிருந்து வருவதற்குள் சொல்லிவிட்டான். அந்த என்ஜின் இல்லாவிட்டால் அவன் யார் என்று அவனுக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் நிலக்கரி லாரி ஓட்டிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் போய்வந்த பையன், ஏழரை வந்த பிறகுதான் வீதியில் நிமிர்ந்து நடந்தான்.

ஜெயசீலன் வண்டியைப் பிடிக்க எதை மாட்டுவது என்று அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் அதே பேச்சு. வால்வுகள் எப்போது வாய் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று சொல்லுகிற கேம்ஷாஃப்டை அவள் ஏற்கெனவே கடைந்து மாற்றியிருந்தாள். ஹெட்டைக் குடைந்து காற்று போகிற வழியை அகலப்படுத்தியாயிற்று, கார்புரேட்டரும் பெரிதாக்கியாயிற்று. மிச்சமிருந்தது ப்ளோயர். என்ஜின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு காற்றை அமுக்கி அமுக்கி உள்ளே திணிக்கிற சாதனம், அலுமினியத்தில் ஒரு பானை அளவு இருக்கும். தனபால் அதை எங்கிருந்தோ வாங்கிவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

"இதைப் போட்டாத்தான் அம்மிணி அவனைப் பிடிக்கலாம்," என்றான்.

"போடலாங்க. ஆனா அடியில பிஸ்டனைப் பிடிக்கற ராட் போல்ட்டெல்லாம் படகுல இருந்து வந்ததுங்க. மேல பலம் ஏத்துனா அடி தாங்கோணுமில்லீங்க? மொதல்ல அதை மாத்திருவோம், ப்ளோயரை அடுத்த பந்தயத்துக்கு வெச்சுக்கலாங்க."

"அடுத்த பந்தயத்துக்கு என்ஜின் நம்மகிட்ட இருக்கோணுமல்ல?"

"நீங்க இருக்கோணுமில்லீங்க?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நான் அப்பளத்துக்குப் பிரண்டைச் சாறு வாங்க வந்தவள் வாசலில் நின்றபடியே இதைக் கேட்டேன். ஆனால் கட்டினவன் கேட்கிறான், அவள் என்ன செய்வாள், வெள்ளிக்கிழமை மத்தியானம் ப்ளோயரை மாட்டி, பெல்ட் போட்டு, மூடி, கற்பூரம் காட்டினாள்.

பாலத்தில் ஏழரை வந்து நின்றது. நான்தான் முதலில் போனேன், கையில் அப்பளத் துணி. பானட்மேல் இவ்வளவு பெரிய ரோஜா மாலை கிடந்தது. ஜெயித்துவிட்டான் என்று கூவிக்கொண்டே கண்ணாடி வழியாக முகத்தைப் பார்க்கப் போனேன். சீட்டில் ஆள் இல்லை. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பெல்ட் மாட்டியபடியே இருந்தது, கழற்றப்படாமல், ஒரு ஆள் உள்ளே இருக்கிற வளைவோடு, வெறும் காற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தது. கீழே ஆக்சிலரேட்டர் பக்கத்தில் அவனுடைய செருப்பு இரண்டும் கிடந்தன.

கூட்டம் சேர்ந்தது. ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு நாங்கள் எப்போதும் செய்வதைச் செய்தோம், வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தோம். ஜெயித்த சந்தோஷத்தில் பெல்ட்டைக் கழற்றாமலே நழுவி இறங்கியிருப்பான், ஒல்லிப் பிச்சான்தானே என்றான் சுப்பையன். தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயிருப்பார்கள், செருப்பு கழன்றிருக்கும் என்றாள் மிளகாய்க்காரி. அப்படியானால் அவன் எங்கே என்று நான் கேட்டேன். இத்தனை தடவை வந்து நின்ற வண்டியில் ஒருதரமாவது அவன் இல்லாமல் இருந்திருக்கிறானா என்று கேட்டேன். சுப்பையன் டீ ஆற்றப் போய்விட்டான்.

வசந்தாமணி கிரீஸ் கையோடு ஓடி வந்தாள். பார்த்தாள். கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துப் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தனபால் நிதானமாக நடந்து வந்தான், தன் காலியான சீட்டைக் குனிந்து பார்த்தான், பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், சக்கரத்தைத் தட்டினான், மாலையைத் தொட்டான்.

"வண்டி முழுசா இருக்குதல்ல," என்றான்.

எனக்கு அவனைப் பளார் என்று அறைய வேண்டும்போல் இருந்தது. வசந்தாமணி திரும்பி அவன் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். அழுகை இல்லை, கோபமும் இல்லை, கூடப் படுத்துக் கூடச் சாப்பிட்ட ஆளை முதன்முதலாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். பட்டறைக்குத் திரும்பி நடந்தாள், நாங்கள் பின்னாலேயே போனோம்.

சனிக்கிழமை விடிந்ததும் அவள் ஸ்பேனரை எடுத்து என்ஜின்மேல் வைத்தாள். வீதி மொத்தமும் பதறிப்போயிற்று. பட்டறைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள், கற்பூரம் காட்டியதம்மா, காட்டியதம்மா என்றார்கள், ஒருத்தன் ஸ்பேனரைப் பிடுங்கவே போனான். "உங்கள்ல யாரோட பொண்டாட்டிக்கு அந்தக் காலி சீட்டைக் காட்டட்டும்? சொல்லுங்க, காட்டறேன், அப்பறம் தடுங்க," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். முதல் போல்ட் கிறீச்சென்று சுழன்றது. அதே நேரம் பாலத்தில் ஏழரை இல்லாமல் போயிற்று, என் அப்பளம் அத்தனையும் தாரில் விழுந்து நொறுங்கியது. வேறு ஒன்றும் ஆகவில்லை. வானம் இடியவில்லை, யாருக்கும் விரல் போகவில்லை. இத்தனை வருஷம் எதற்குப் பயந்தோம் என்று நாங்கள் கொஞ்சம் வெட்கப்பட்டோம்.

அதற்கப்புறம் வீதியே அவளுக்கு வேலைக்காரன் ஆயிற்று. என்ஜினைச் செயின் பிளாக்கில் சங்கிலி கோத்துத் தூக்கி அடிப்பக்கத்தைப் பிரித்தார்கள். பழைய ராட் போல்ட்டுகளை எல்லாம் கழற்றி, லேத்தில் கடைந்த புதியவற்றை மாட்டினாள். அவளுக்கு அதில்தான் நம்பிக்கை, அடி தாங்காமல் உடைந்துதான் அவனுக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ப்ளோயரை மறுபடி மேலே ஏற்றி, மூடி, கற்பூரம் காட்டிவிட்டு, பாலத்தை நோக்கி அத்தனை பேரும் ஓடினோம். மாலை முன்னைவிடப் பெரியதாக இருந்தது. பெல்ட் மாட்டியபடி இருந்தது. சீட் காலியாக இருந்தது.

திரும்பி வந்து, ப்ளோயர் கொஞ்சம் மெதுவாகச் சுற்றட்டும் என்று கப்பியை மாற்றினாள். காட்டினாள். ஓடினோம். மாலை சின்னது. சீட் காலி. கேம்ஷாஃப்டைப் பழையதாக மாற்றினாள். காட்டினாள். இந்தத் தடவை ஓடத் தெம்பில்லாமல் நடந்தோம். சீட் காலி. வழியில் அவளோடு நடந்த நான், "கோளாறு போல்ட்டுல இல்லியாட்ட இருக்குதே சாமி," என்றேன். "இல்லீங்க்கா," என்றாள். "நான்தான் தப்பா நெனச்சுட்டேன். வண்டியில ஒடையறது ஒண்ணுமில்லீங்க. இவிய ப்ளோயரு வெச்சு அந்த வெசையில போனா திரும்பறதில்ல, அவ்வளவுதான்."

பொழுது சாய்கிற நேரம் தனபால் தூங்கப் போயிருந்தான், தூக்கமில்லை, கண்ணை மூடிப் படுத்திருந்தான். வசந்தாமணி ப்ளோயரைக் கழற்றினாள், பழைய கார்புரேட்டரை வைத்து மூடினாள். பிறகு ப்ளோயரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துப் பவுண்டரிக்குப் போய், அலுமினியம் கொதித்துக்கொண்டிருந்த உலைக்குள் போட்டாள். கொஞ்ச நேரம் அது மிதந்தது, அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே போயிற்று. அந்த உலையில் அன்றைக்கு வார்த்த பம்புகளை வாங்கிக்கொண்டு போன தோட்டக்காரர்கள், ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே தண்ணீர் வருகிறது என்று பிற்பாடு புகார் சொன்னார்கள், பவுண்டரிக்காரர் அது புது மாடல் என்று சமாளித்தார்.

கற்பூரம் காட்டிவிட்டுப் போய்ப் பார்த்தோம். தனபால் இருந்தான். சீட்டில், பெல்ட்டுக்குள், முழுசாக, மூக்கும் முழியுமாக இருந்தான். நான் அப்படியே பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். மாலை இல்லை. உதட்டைக் கடிக்கவில்லை, கூரையைப் பார்க்கவுமில்லை, தலையை ஜன்னல் பக்கம் திருப்பி, கண் சிவந்து, வாய் பாதி திறந்து, ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்த முகம். என்ன வார்த்தை என்று எங்களுக்குள் உடனே தகராறு. பெண்டாட்டியைத் திட்டுகிறான் என்றான் சுப்பையன். காறித் துப்பப் போகிறான் என்றாள் மிளகாய்க்காரி. தோற்றுவிட்டான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், தனபால் எழுந்து வந்தான். தன் முகத்தைப் பார்த்தான். பானட்டைத் திறக்கச் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது, பட்டறைக்கு ஓடினான், சாமி படத்துக்குப் பக்கத்தில் தேடினான், பவுண்டரிக்குப் போனான், உலை முன்னால் நின்றான். நாங்கள் வாசலில் நின்றோம். அடிப்பானோ, உலையில் அவனே விழுவானோ என்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ற உசுரை உருக்கிப் போட்டுட்டயே," என்றான்.

"உங்க உசுரு பாலத்துல உக்காந்திருக்குதுங்க. போய் நல்லாப் பாத்துட்டு வந்து பேசுங்க," என்றாள்.

அன்று இரவு அந்த வீட்டில் ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வரமாட்டான் என்று பாதிப்பேர் நினைத்தார்கள். தோற்கப்போகிற முகத்தைப் பார்த்துவிட்டு அந்த முகத்தை நோக்கி எவன் வண்டி ஓட்டுவான்? ஓடாமலே என்ஜினைக் கொடுத்துவிட்டால் அந்த முகத்தையாவது போடாமல் இருக்கலாமே. ஆனால் அவன் வந்தான், சட்டையை மடித்து விட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் வண்டியில் உட்கார்ந்தான், பெல்ட்டை மாட்டினான். வசந்தாமணி பட்டறை வாசலிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, பாலத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள், நடந்தவள் ஓடினாள்.

பாலத்தில் நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். நின்றிருந்த ஏழரையின் ஜன்னலோரம் அவள் நின்றாள், உள்ளே இருந்த முகத்துக்கு நேர் எதிரே. தூரத்தில் கொடி விழுந்தது. எட்டு சிலிண்டரும் ஒன்றாகக் கத்தின, கல்பாலம் என் காலடியில் அதிர்ந்தது, சாலையின் அந்த முனையில் ஒரு கறுப்புப் புள்ளியும் ஒரு நீலப் புள்ளியும் பெரியதாகிக்கொண்டே வந்தன, நீலம் முந்தியது, கறுப்பு விடவில்லை, நீலம் இன்னும் முந்தியது, பழைய கார்புரேட்டர் தொண்டை கிழியக் காற்றை இழுத்தும் போதவில்லை, வசந்தாமணி "வாங்க, வாங்க, வாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், ஜெயிக்கச் சொல்கிறாளா வரச் சொல்கிறாளா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. நீல வண்டி எங்களைக் கடந்து போயிற்று. அடுத்த மூச்சில் கறுப்பு வந்து நின்றிருந்த கறுப்புக்குள் புகுந்து, ஒன்றாகி, நின்றது. ரப்பர் புகை எங்களை மூடிக்கொண்டது.

புகை விலகியபோது அதே முகம் அதே ஜன்னலில் அதே சிவந்த கண்ணோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து பசிக்காத மனுஷன். கண்ணாடி இறங்கியது. பாதி திறந்திருந்த வாய் மீதியையும் திறந்தது.

"பசிக்குது," என்றான்.

வசந்தாமணி நடுச்சாலையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும். ஜெயசீலன் இறங்கி வந்து, கைகூப்பி, "அண்ணன் மொதல்ல சாப்பிடட்டுங்க, என்ஜினு எங்கயும் போயிராதுங்க," என்றார். சாப்பிட்ட பிறகு செயின் பிளாக்கின் சங்கிலியைத் தனபாலே இழுத்தான். ஏழரை லிட்டரும் ஆடி ஆடி மேலே வந்தது. வேறு யாரையும் தொட விடவில்லை. பொள்ளாச்சி லாரி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவளை மன்னித்தானா என்று என்னைக் கேட்டால், இல்லை. மாசக்கணக்கில் சோறு, தண்ணி, துண்டு என்பதைத் தவிர அவளோடு வேறு பேச்சில்லை. அடுத்த வைகாசியில்தான் பவுண்டரிக்காரரின் குட்டியானை லாரியில் பம்ப் ஏற்றிக்கொண்டு தாராபுரம் பக்கம் ஓட்ட ஒத்துக்கொண்டான். முதல் நடைக்குக் காலையில் கிளம்பிப் போனான், விளக்கு வைக்கிற நேரமாகியும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வசந்தாமணி என் வீட்டுக்கு வந்து, வா என்றுகூடச் சொல்லாமல் கையைப் பிடித்துக் கல்பாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒன்றும் வந்து நிற்கவில்லை. தார்ச்சாலையும் இரண்டு ஆடும்தான் இருந்தன. அந்த வெறும் இடத்தையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அவிய வந்துருவாங்களான்னு எப்புடீங்க்கா தெரிஞ்சுக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. ஏழரை வந்த பிறகு இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவள் ஒருநாளும் கேட்க வேண்டியிருந்ததில்லை. என் வீட்டுக்காரர் உளுந்து வாங்கிவருகிறேன் என்று சைக்கிளில் போனவர்தான், மத்தியானம் வேறு யாரோ வந்து சைக்கிளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை.

"தெரியாது கண்ணு. வந்தாத்தான் தெரியும். நாங்கெல்லாம் அப்புடித்தான் இருக்கறோம்," என்றேன்.

அவள் என் கையை விடவில்லை. ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்த பெரிய சாலையில் ஒவ்வொரு வெளிச்சமாக வந்து, எங்கள் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் அவள் பிடி இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. ஒருவழியாக ஒற்றை விளக்கு மட்டும் எரிகிற ஒரு குட்டியானை திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்று, தனபால் தலையை நீட்டியபோது என் விரல் ஐந்தும் மரத்துப்போயிருந்தன.